தொற்றுநோய் வருமுன் வைத்தியசாலையைத் தயார்படுத்துவது: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்புக்குப் புதிதாக வருகிற தாதியரும் இளம் டொக்டர்மாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரு கோப்பைத்தான். "அக்கா, பழைய பிளான் இருந்தா தாங்கோ, பார்த்துப் புதுசா ஒன்று எழுதிக் குடுக்கிறன்" என்பார்கள். கோப்பு எல்லா வைத்தியசாலையிலும் இருக்கிறது. அதை அலுமாரியிலேயே விட்டுவிட்டு முதலில் வாசலுக்கு இறங்கிப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். கொழும்பில் இத்தனை வருடம் வாட்டிலும் தொற்றுக் கட்டுப்பாட்டிலும் வேலை செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பெரிய தொற்று உள்ளே பரவுமா நிற்குமா என்பது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் முடிவாவதில்லை, முதல் அரை மணித்தியாலத்தில், செக்யூரிட்டியும் இலக்கத் துண்டு கொடுப்பவரும் அற்றென்டனும் நிற்கிற இடத்தில் முடிவாகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

வாசலில் இரண்டு மணித்தியாலம்

காலை ஏழு மணிக்கு வெளிநோயாளர் பிரிவு வாசலில் போய் நில்லுங்கள், ஒரு கொப்பியும் பேனையும் போதும். காய்ச்சலோடு ஓட்டோவில் வந்து இறங்குகிற ஒருவர் யாரிடம் முதலில் பேசுகிறார், எந்த வாங்கில் உட்காருகிறார், எத்தனை பேருக்கு நடுவில், டொக்டரின் முன்னால் போய் இருக்கும்போது எத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது என்பதையெல்லாம் எழுதுங்கள். சின்னமுத்துக் கிருமி, நோயாளி எழும்பிப் போனபிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அந்தக் காற்றில் நிற்கக்கூடியது. இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று 2019 ஜூலையில் சான்றிதழ் கிடைத்தது, 2023இல் அது திரும்பவும் கொழும்பில் தலைகாட்டியது. அதனால் அந்த வாங்கும் அந்த வரிசையும் உங்கள் பிளானின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2015இல் தென்கொரியாவில் நடந்ததைப் புதியவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். மத்திய கிழக்கில் இருந்து மேர்ஸ் என்ற சுவாச நோயோடு வந்தவர் ஒரேயொருவர். மொத்தம் 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். அதில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சோல் நகரத்து வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த ஒரே நோயாளியிடம் இருந்து தொற்றியது. அவருக்கு மேர்ஸ் என்று அப்போது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எங்களுடைய ஆட்கள் எத்தனை பேர் சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்கிறார்கள், வருடாவருடம் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய்வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வாசலில் என்ன கேட்க வேண்டும்? இரண்டே கேள்விதான். காய்ச்சல், இருமல், உடம்பில் கொப்புளம் அல்லது பருக்கள் இருக்கிறதா? கடந்த மூன்று கிழமைக்குள் வெளிநாடு போனீர்களா, அல்லது அங்கிருந்து வந்தவரோடு இருந்தீர்களா? மூன்று கிழமை என்று வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எபோலாவும், குரங்கம்மை எனப்படும் எம்பொக்ஸும் உடம்புக்குள் 21 நாள் வரை ஒளிந்திருக்கலாம். இரண்டுக்கும் ஆம் என்றால் உடனே ஒரு முகக்கவசம், கைக்குக் கிருமிநீக்கி மருந்து, வரிசைக்கு வெளியே தனியாக ஓர் இடம். இதைச் செய்ய டொக்டர் தேவையில்லை, செக்யூரிட்டியே செய்யலாம். ஆனால் அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று பணிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது ஒரு பெரிய மனிதர் அதட்டினால் பாவம் அவர் விட்டுவிடுவார்.

கேள்வி எந்த மொழியில் என்பது கொழும்பில் சின்ன விஷயம் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஓர் அம்மாவிடம், வாசலில் நின்றவர் அரைகுறைத் தமிழில், "பயணம் போனதா?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "இல்லை தம்பி, நான் வீட்டை விட்டு எங்க போறது" என்றார், உண்மையும் அதுதான். உள்ளே வந்தபிறகு, தலைக்குக் குத்து, நாரி நோ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார், மகன் போன கிழமை டோஹாவில் இருந்து வந்தவனாம், அவனுக்கும் இப்படித்தான் காய்ச்சலாம். கேள்வி பிழையாக இருந்தால் பதில் சரியாக இருந்தும் பயனில்லை. மூன்று மொழியிலும் கேள்வியை ஓர் அட்டையில் அச்சடித்து, பேச்சுத்தமிழில், "வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள் யாரும் வீட்டில இருக்கினமா?" என்று கேட்கிற மாதிரியே எழுதுங்கள். தமிழ் அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்குமுன் தமிழ் தெரிந்த ஒரு தாதியோ மருந்தாளரோ வாய்விட்டு வாசித்துப் பார்க்கட்டும். எழுத்துப் பிழையால் அர்த்தமே மாறிய அறிவித்தல்கள் மாதக்கணக்காகச் சுவரில் தொங்கியதைக் கண்டு நான் வேதனைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம், வாசலில் கிடைத்த தகவல் உள்ளே போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். 2014 செப்டெம்பரில் அமெரிக்காவின் டலஸ் நகரில் லைபீரியாவில் இருந்து வந்த ஒருவர், தான் ஆபிரிக்காவில் இருந்து வந்ததைத் தாதியிடம் சொல்லியிருந்தார். அது குறிப்பிலும் ஏறியிருந்தது. இருந்தும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எபோலாவோடு திரும்பி வந்து இறந்தார், அவரைப் பராமரித்த தாதியர் இருவருக்கும் தொற்றியது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், இரண்டு கேள்விக்கும் ஆம் சொன்னவரின் துண்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். மொழி தேவையில்லை, கணினி தேவையில்லை, தூரத்தில் இருந்தே தெரியும்.

தனியறை

உங்கள் பிளானில் "தனிமைப்படுத்தும் அறை" என்று ஒன்று எழுதியிருக்கும். இன்றைக்கே போய்த் திறந்து பாருங்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் முதல் ஒத்திகையின்போது அந்த அறையின் திறப்பைத் தேடவே இருபது நிமிடம் போயிற்று. திறந்தால் உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், சேலைன் பெட்டிகள், பழைய ஈசிஜி மெஷின் ஒன்று, ஒரு பக்கத்தில் யாரோ காயப்போட்ட மொப். குழாயில் தண்ணீர் வரவில்லை. அன்றைக்கு உண்மையான நோயாளி வந்திருந்தால் அவரைத் தாழ்வாரத்தில்தான் வைத்திருப்போம். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு பக்கம் நிபா வைரஸ் நோய் வந்தபோது பெரும்பாலானவர்களுக்கு அது வைத்தியசாலைகளுக்கு உள்ளேதான் தொற்றியது, துணைக்கு நின்றவர்களுக்கும் அதே தாழ்வாரத்தில் காத்திருந்தவர்களுக்கும். முதல் நோயாளியைப் பராமரித்த ஒரு தாதியும் இறந்துபோனார்.

எதிரழுத்தக் காற்றோட்ட அறை, அதாவது காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி வெளியேற்றுகிற அறை, மணிக்குப் பன்னிரண்டு தடவை காற்று மாறுகிற வசதியோடு இருந்தால் நல்லது. எல்லா இடத்திலும் அது இல்லை. இல்லையென்று கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஜன்னல் வெளிமுற்றத்துக்குத் திறக்கிற, கழிவறை கூடவே இருக்கிற, கதவு நன்றாக மூடுகிற ஓர் அறையைத் தேடுங்கள். ஜன்னல் எதிர்க்கட்டிடத்தின் வாட்டுப் பக்கம் திறந்தால் அது சரிவராது. பக்கத்து அறைகளோடு காற்றைப் பகிர்கிற பொது ஏசி இருந்தால் அதை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய கட்டிடங்களின் உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் இந்த விஷயத்தில் புதுக் கட்டிடங்களைவிட நல்லவை. வாசலில் இருந்து அந்த அறைவரை, லிஃப்டும் கன்டீனும் குறுக்கே வராத வழி எது என்று நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். திறப்பு இரண்டு செய்து ஒன்றை ஈ.டி.யூ. என்கிற அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதியிடமும் மற்றதைச் செக்யூரிட்டி அறையிலும் கொடுங்கள்.

எல்லா நோய்க்கும் தனியறை தேவைப்படாது, இதைப் புதியவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. எங்களுக்கு அடிக்கடி வருகிற அவசரம் டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள், ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகமானவர்கள் மேல் மாகாணத்தில். டெங்கு கட்டிலுக்குக் கட்டில் இருமலால் தாவாது. அங்கே தேவைப்படுவது கட்டில், நுளம்புவலை, மணிக்கு மணி சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்த்துத் திரவத்தை அளந்து கொடுக்கக்கூடிய தாதியர், நாளுக்குப் பல தடவை இரத்த அறிக்கை தரக்கூடிய லாப். ஆகவே பிளானை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வைத்தியசாலைக்கு உள்ளே பரவுகிற நோய் வேறு, வைத்தியசாலையை நிரப்பி மூச்சுமுட்ட வைக்கிற நோய் வேறு. கொவிட் மாதிரி இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு.

யாருக்குச் சொல்வது, எந்த முகவரியோடு

இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் வந்தாலே அறிவிக்க வேண்டும், லாப் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற கடமை இது. எச் 544 படிவம் நோயாளி வசிக்கிற பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும், அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போவார். பயமூட்டுகிற நோய் என்றால் படிவத்தோடு நிற்காமல் தொற்றுநோயியல் பிரிவுக்கு உடனே போன் எடுக்க வேண்டும். இரவில் எடுக்கும் இலக்கத்தையும் சேர்த்து, வாசலிலும் ஈ.டி.யூ. மேசையிலும் ஒட்டிவையுங்கள். நோயாளியை அங்கொடைக்கு, அதாவது ஐ.டி.எச். என்று நாங்கள் சொல்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவகத்துக்கு அனுப்புவதென்றால் அவர்களோடு பேசி முடித்தபிறகே அம்புலன்ஸ் புறப்பட வேண்டும். 2020 ஜனவரி 27ஆம் திகதி நாட்டின் முதல் கொவிட் நோயாளி உறுதியானதும், அவர் குணமடைந்ததும் அங்கேதான். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரி அனுப்புவதும் அப்படியே, முதலில் போன், எந்த மாதிரி, எந்தக் குழாய், எத்தனை மணிக்குள் என்று கேட்டு எழுதி, மூன்று அடுக்குப் பொதியில் வைத்து அனுப்புங்கள்.

இந்த முகவரி விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற பொடியன்கள் எத்தனையோ பேர் ஹட்டனில் இருந்தும் நுவரெலியாவில் இருந்தும் வந்தவர்கள். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி, படுப்பது கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ எட்டுப் பேரோடு ஓர் அறையில். அனுமதிக்கும்போது அட்டையைப் பார்த்து எழுதிவிட்டால் படிவம் மலைநாட்டுக்குப் போகும், அங்கே தேடிப் போகிற பரிசோதகருக்கு ஒன்றும் கிடைக்காது, அந்த எட்டுப் பேரையும் யாரும் பார்க்க மாட்டார்கள். "உங்க அட்ரஸ் என்ன?" என்று கேட்காதீர்கள். "போன ரெண்டு கிழமையா இரவில எங்க படுத்தீங்க, கூட யார் படுத்தது, எந்தக் கடையில வேலை?" என்று கேளுங்கள். சில பொடியன்கள் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுவார்கள், அவர்களிடம் ஆறுதலாகப் பேசி, இந்த விபரம் சுகாதார ஆட்களுக்குத்தான் என்று சொல்லுங்கள்.

கூட்டமாக ஒரு மாதிரிக் காய்ச்சல் வந்தால், பெயர் தெரியாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் "மர்மக் காய்ச்சல்" என்று எல்லோரும் பேசிய நோயில் சில உயிர்கள் போனபிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் பிழைப்பார்கள். மழைவெள்ளம் வடிந்த ஒன்றிரண்டு கிழமையில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்தில் இருந்து காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்புமாக ஆட்கள் வந்தால் உங்கள் மனதில் இது முதலில் வர வேண்டும்.

உடுப்பும் குளோரினும் ஒட்சிசனும்

பாதுகாப்பு உடுப்பு எத்தனை தேவை என்று ஊகித்து எழுதாதீர்கள், எண்ணுங்கள். தனியறையில் ஒரு நோயாளி. காலை ஷிஃப்டில் டொக்டர், தாதி, சாப்பாடு கொடுப்பவர், துப்புரவு செய்பவர் என்று பத்துத் தடவை உள்ளே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலையும் அப்படி, இரவும் அப்படி என்றால் நாளுக்கு 30 செட். மூன்று கிழமைக்கு 630, ஒரே நோயாளிக்கு. மருந்து, சாப்பாடு, துப்புரவு எல்லாவற்றையும் ஒரே தாதி ஒரே தடவையில் செய்து வந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கும். களஞ்சியத்தில் இருக்கிற என்95 முகக்கவசப் பெட்டியில் திகதி பாருங்கள், ஒன்றை எடுத்து நாடாவை இழுத்தும் பாருங்கள். கொழும்பு வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்காகக் கிடந்தால் ரப்பர் பிசுபிசுத்து அறுந்துவிடும்.

உடுப்பைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து, அதிலும் களைத்துப்போன ஷிஃப்டின் கடைசியில். முதலில் கையுறை, வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி உரித்து. பிறகு கவுன், கழுத்துக் கட்டை அவிழ்த்து உட்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி. கைக்கு மருந்து. கண்ணாடியைப் பின்பக்க நாடாவைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும், முன்பக்கத்தைத் தொடக்கூடாது. திரும்பவும் கைக்கு மருந்து. என்95 கடைசி, அதுவும் அறைக்கு வெளியே வந்து கதவை மூடியபிறகு, கீழ் நாடா முதலில், மேல் நாடா அடுத்து. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒவ்வொரு படியையும் இன்னொருவர் எதிரில் நின்று வாசிக்க வேண்டும், கழற்றுபவர் அதைக் கேட்டுக் கேட்டு மெதுவாகச் செய்ய வேண்டும். எத்தனை வருட அனுபவம் உள்ள சிஸ்டராக இருந்தாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம். பயிற்சிக்கு கையுறையில் கொஞ்சம் சிவப்புச் சாயம் பூசிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றி முடித்துவிட்டு, மணிக்கட்டில் அந்தச் சிவப்பைப் பார்த்து வாயடைத்துப் போனவர்களில் நல்ல அனுபவசாலிகளும் இருந்தார்கள்.

குளோரினை ஆள் ஆளுக்குக் கைக்கணக்கில் கரைக்க விடாதீர்கள். இரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம், தரை, மேசை, கட்டில் கம்பிக்கு 0.1 சதவீதம். 35 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 0.5க்கு லீட்டருக்கு 14 கிராம், 70 சதவீதம் என்றால் 7 கிராம். கடையில் வாங்குகிற 5 சதவீதத் திரவம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். துப்புரவு ஊழியருக்குக் கிராம் சொல்லிப் புண்ணியமில்லை, ஒரு கரண்டியை நிறுத்துப் பார்த்து "இந்த வாளிக்கு இந்தக் கரண்டியால் இத்தனை" என்று வாளியிலேயே எழுதிவிடுங்கள். தினமும் புதிதாகக் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். டொய்லெட் கழுவுகிற அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

ஒட்சிசன் கணக்கை 2021 ஓகஸ்ட், செப்டெம்பரில் வேலை செய்தவர்கள் மறக்க மாட்டார்கள், இந்தியாவில் இருந்து கப்பலில் வந்ததை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. 7000 லீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லீட்டர் என்றால் பதினொன்றரை மணித்தியாலம் வரும். அதே சிலிண்டரில் நிமிடத்துக்கு 60 லீட்டர் இழுக்கிற மெஷினைப் போட்டால் இரண்டு மணித்தியாலமும் தாங்காது. உங்கள் வாட்டில் எத்தனை மெஷின், இரவில் சிலிண்டரை மாற்ற எத்தனை ஆள், ஸ்பானர் எங்கே தொங்குகிறது, லொறி எத்தனை மணிக்கு வரும் என்று இன்றைக்கே கணக்குப் போடுங்கள்.

வேலைக்கு வருகிறவர்கள்

2020இல் ஊரடங்கு, 2022இல் பெற்றோல் வரிசை. இரண்டு தடவையும் கட்டிலும் மருந்தும் இருந்தும் ஆள் வந்துசேர முடியாமல் தவித்தோம். ஒவ்வொருவரும் எங்கே இருந்து, எந்த பஸ்ஸில், யாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துவையுங்கள். கர்ப்பிணிகளையும் நெடுநாள் நோயுள்ளவர்களையும் தனியறைப் பணியில் போடாதீர்கள். தனியறைக்குப் போகிற குழுவைப் பிரித்து, சாப்பாட்டு அறையையும் பிரியுங்கள், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கூடியிருந்து பேசுகிற இடம் அதுதான். காய்ச்சல் என்று சொல்கிற அற்றென்டனின் சம்பளத்தை வெட்டினால் அடுத்த தடவை அவர் சொல்லாமலே வேலைக்கு வருவார், குற்றம் அவருடையது இல்லை. வெளி நிறுவனம் மூலம் வருகிற துப்புரவுப் பெண்களையும் பயிற்சிக்கும் தடுப்பூசிக்கும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். தொற்றுக் கழிவு போடுகிற மஞ்சள் பையைத் தூக்குவது அவர்கள் கைதான்.

இறந்தவரின் குடும்பத்தோடு யார் பேசுவது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். கொவிட் காலத்தில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை இருந்தது, அடக்கம் செய்தாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தும். முஸ்லிம் குடும்பங்களுக்கு அது என்ன வேதனையைக் கொடுத்தது என்பதைச் சவச்சாலை வாசலில் நின்றவர்கள் அறிவார்கள். நோய்க்கு எது உண்மையில் தேவை, சமயத்துக்கு எது தேவை என்று நிபுணரோடும் மௌலவி, ஐயர், பாதிரியார், பிக்குமாரோடும் அமைதியான காலத்தில் உட்கார்ந்து பேசி, தூரத்தில் நின்றாவது முகம் பார்க்க வழி செய்து வையுங்கள். குடும்பத்தின் மொழியில் பேசக்கூடிய ஒருவரின் பெயர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.

ஒத்திகை

எல்லாம் எழுதி முடித்தபிறகு, சொல்லாமல் ஒரு நோயாளியை அனுப்புங்கள். பணிப்பாளருக்கும் பொறுப்பு டொக்டருக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். நியூயோர்க் நகரில் 2015, 2016இல் 49 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இப்படி 95 தடவை செய்து பார்த்தார்கள். நோயாளிக்கு முகக்கவசம் கொடுத்துத் தனிமைப்படுத்தியது 78 சதவீதத்தில், ஆனால் ஊழியர்கள் கையைச் சுத்தம் செய்தது 36 சதவீதத்தில் மட்டுமே. அங்கேயே அப்படி என்றால் எங்களுடைய முதல் ஒத்திகை பிழையாகப் போனால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. முகக்கவசம் கொடுக்க எத்தனை நிமிடம், அறைக்குள் போக எத்தனை நிமிடம், அறிவிக்க எத்தனை நிமிடம் என்று மூன்றை மட்டும் குறியுங்கள். முடிந்த உடனேயே, அன்றைக்கே, செக்யூரிட்டி முதல் நிபுணர் வரை தேத்தண்ணியோடு ஒரே மேசையில் இருத்தி, செக்யூரிட்டியை முதலில் பேசவிடுங்கள். நிபுணர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாய்திறக்க மாட்டார்கள்.

முதல் ஒத்திகையைப் பகலில் செய்யுங்கள், மே மாத மழை தொடங்குமுன். இரண்டாவதை ஒரு ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு வையுங்கள், நடிப்பவர் தமிழ் மட்டும் பேசட்டும். மாலை ஏழு மணிக்கு வந்த இரவு ஷிஃப்ட் அரைவாசி கடந்து களைத்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் தனியறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது, சிவப்பு ஸ்டிக்கர் எந்த லாச்சியில், தமிழில் பேச யார் என்று பாருங்கள்.